உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி

ராஜி என்னைத் தோழியாக வைத்திருந்தாளா, வழக்குத் தரும் கட்சிக்காரராக வைத்திருந்தாளா? கேட்கவேண்டும் என்று தோன்றியபோது பதில் சொல்ல அவள் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை பார்க்கும் கல்கத்தா கம்பெனியின் சட்டத் துறையில் எனக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஷர்மிளா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "தீதி, கொஞ்சம் உட்காருங்க," என்றாள். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அதிலிருந்தே ஏதோ விபரீதம் என்று தெரிந்தது. லேக் கார்டன்ஸ் வீட்டில் காலையில் குளித்துவிட்டு வந்த ராஜி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறாள். மருத்துவமனை போய்ச் சேரவில்லை. ஐம்பத்தொரு வயது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவள் ராஜிதி, அதாவது ராஜி அக்கா, பெரிய வழக்கறிஞர் ஃபர்ம் ஒன்றின் பங்குதாரர். நான் அறிந்தது அதற்கு முந்தைய ராஜலட்சுமியை. துறைமுகத்தில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரரின் மகள். வங்காள மொழியில் பேரம் பேசுவாள், ஆங்கிலத்தில் எழுதுவாள், கோபத்திலும் நெருக்கத்திலும் மட்டும் திருநெல்வேலித் தமிழுக்கு வந்துவிடுவாள். அதே ஃபர்மில்தான் இருவரும் தொழிலைத் தொடங்கினோம். அப்போது அங்கே ஆண்களுக்குக் கட்சிக்காரர்கள், பெண்களுக்கு நூலகம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பொறியியல் கம்பெனி சொந்தமாகச் சட்டத் துறை தொடங்கியபோது ராஜி முதலில் போனாள். இரண்டே மாதத்தில் என்னையும் அழைத்தாள். "அலமாரியோட பேசினது போதும், கிளம்பி வா," என்றாள். போனேன்.

அங்கே அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். எல்லோரும் தாதா, அதாவது அண்ணா, என்று அழைக்கும் விற்பனைப் பிரிவின் முகர்ஜி ஓர் ஒப்பந்தத்தோடு ஓடிவந்தார். விமானத்துக்கு நேரமாகிறது, உடனே ஒப்புதல் வேண்டும். ராஜி முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"தகராறு வந்தா ஹாம்பர்க்ல விசாரணைன்னு போட்டிருக்கு. உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா தாதா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. கல்கத்தான்னு மாத்தி வாங்கிட்டு வாங்க."

முகர்ஜி அன்று விமானத்தைத் தவறவிட்டார். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஊரின் பெயரை மாற்றி வாங்கியவர் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு வந்தார். "சண்டை போடுறப்போ யாரும் முதல் பக்கத்துக்குப் போறதில்ல," என்றாள் ராஜி, வாயில் சந்தேஷோடு.

நான்காம் ஆண்டில் காற்று மாறியது. கம்பெனிக்குள் இருந்து வேலை பார்த்தவர்கள் வேண்டும் என்று பெரிய ஃபர்ம்கள் தேடத் தொடங்கின. எங்கள் பழைய ஃபர்மின் மூத்த பங்குதாரர் சென் சாஹிப் ராஜியைத் திரும்ப அழைத்தார். டல்ஹவுசியில் டிராமுக்காக நின்றபோது அவள் என்னிடம் சொன்னாள்: "ஏ சுதா, நான் முன்னால போய் ஒரு காலை ஊனிக்கிடுதேன். ஒரு வருஷம். அப்புறம் உன்னைக் கூட்டிக்கிடுதேன்."

எதையும் இரண்டு முறை படித்துப் பார்க்காமல் நம்புகிறவள் அல்ல நான். அன்று நம்பினேன்.

முதல் ஆண்டு, புதிதாக ஆள் எடுக்கவில்லை என்றாள். அடுத்த ஆண்டு, துர்கா பூஜை கழியட்டும் என்றாள். பிறகு ஒருமுறை, கம்பெனிகளிலிருந்து வருகிறவர்கள்மீது சென் சாஹிபுக்கு நம்பிக்கை இல்லை என்றாள்.

"அப்ப உன்னை எப்படி எடுத்தார்?" என்றேன்.

"என்னைய எடுத்துட்டு அந்த மனுசன் முழிக்கிற முழி உனக்குத் தெரியாது."

சிரித்தோம். அப்படி எட்டுப் பூஜைகள் கழிந்தன. அவள் விட்டுச்சென்ற நாற்காலி எனக்கு வந்திருந்ததால், கம்பெனியின் வழக்குகளை எந்த ஃபர்முக்குக் கொடுப்பது என்பது என் முடிவு. எல்லாவற்றையும் அவளுக்கே அனுப்பினேன். ஏன் எப்போதும் ஒரே ஃபர்ம் என்று இயக்குநர் கேட்டபோது அவளுக்காக வாதாடினேன். பொய்யாக வாதாடவில்லை, அவளைவிட நன்றாக அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. அந்த வழக்குகளின் பலத்தில் அவள் பங்குதாரரானாள்.

இரங்கல் கூட்டம் ஃபர்மின் நூலகத்தில் நடந்தது. படத்துக்கு ரஜனிகந்தா மாலை, நம் ஊர்ச் சம்பங்கி. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். சென் சாஹிப் பேசினார்.

"ராஜியைத் திரும்பக் கூப்பிட்டப்போ, சுதாவையும் கூட்டிட்டு வான்னுதான் சொன்னேன். ரெண்டு பேருக்கும் இடம் இருந்தது. அவ என்ன சொன்னா தெரியுமா? 'சுதா அங்கேயே இருக்கட்டும் சார். உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி இருந்தா அந்தக் கம்பெனி நம்மை விட்டுப் போகாது.' வந்து சேர்றதுக்கு முன்னாலயே பங்குதாரர் மாதிரி யோசிச்சவ அவ."

மெல்லிய சிரிப்பு எழுந்தது. சிலர் தலையசைத்தார்கள். அவர் என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். ராஜியும் நானும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு என்றே இத்தனை ஆண்டுகளும் நினைத்திருக்கிறார். நானும் புன்னகைத்தேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் பழக்கம். அது இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. பூஜை கழியட்டும் என்று சொன்ன அந்தக் குரலும் இருக்கிறது. அதை இப்போது நினைத்தாலும், முதலில் வருவது பிரியம்தான். கோபம் ஓர் அடி பின்னால் வருகிறது. இந்த வரிசை மாறவேண்டும் என்று விரும்புகிறேன். மாறவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் நடந்ததைப் பதிவு செய்துவிடுகிறேன். பகலில் சென் சாஹிப் தொலைபேசியில் பேசினார்.

"ராஜியோட அறை காலியா இருக்கும்மா. நீ வந்துடு."

"நான் வந்துட்டா இங்கே யார் பார்த்துப்பாங்க?"

"அந்தப் பொண்ணு ஷர்மிளா இருக்காளே. அவ அங்கேயே இருக்கட்டும்."

யோசிக்க ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். ஷர்மிளாவை அழைத்து, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் யோசித்தாள்.

"நீங்க போயிட்டா, கேஸை நான் யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாமா தீதி?"

"குடுக்கலாம்."

"உங்களுக்குக் குடுக்கலைன்னா கோபப்படுவீங்களா?"

"படுவேன். இருந்தாலும் குடுக்கலாம்."

சென் சாஹிபை அழைத்தேன். வருகிறேன், ஆனால் கம்பெனியின் வழக்குகள் என்னோடு வரும் என்று சொல்லமுடியாது, அது இனி ஷர்மிளாவின் முடிவு என்றேன். மற்ற பங்குதாரர்களைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு, ஷர்மிளாவின் நேரடி எண் என்ன என்று கேட்டார்.

கொடுத்தேன்.