முள்ளம்பன்றி என்று நான் சொன்னது

நவம்பர் வந்துவிட்டால் லண்டனில் புல் வளராது. புல் வளராவிட்டால் புல் வெட்டுகிறவளுக்கு என்ன வேலை என்று நோர்பரியில் என்னிடம் கேட்காத ஆளில்லை. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே, “பனிக்காலத்தில என்னத்தை வெட்டப் போறியள் தங்கச்சி, ஐஸையோ?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளில்லை. “முதல்ல உங்கட கடை வாசலில கிடக்கிற இலையைக் கூட்டுங்கோ, பிறகு கதைப்பம்” என்பேன்.

பகிடிக்குச் சொன்னாலும் என் யோசனை அதுதான். புல் நின்றாலும் மரம் நிற்பதில்லை. இந்த ஊர் மரங்கள் இரண்டு மாதத்தில் கொட்டுகிற இலையை யாராவது அள்ளத்தானே வேண்டும்? 2009 இலையுதிர் காலத்தில் இலை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கி என் லொறியின் பின்பக்கத்தில் பூட்டினேன். பழைய மெஷின்தான். ஆனால் என்ன மெஷின்! ஓர் எஞ்சின், அதிலிருந்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டிய தடிப்பில் ஹோஸ் என்கிற ஒரு குழாய். இலையை உறிஞ்சி, உள்ளே சுழலும் தகடுகளால் பொடியாக்கி, லொறிப் பெட்டிக்குள் துப்பிவிடும். நாலு பேர் நாள் முழுக்க வாரி அள்ளுவதை இரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் முடித்துவிடலாம்.

பிடிக்கத் தெரியாவிட்டால் அது பெரிய தலைவலி. இந்த ஊர்த் தெருவெல்லாம் நிற்கிற பிளேன் மரத்து இலை பழைய செருப்புத் தோல் மாதிரி. மழையில் ஊறிய அந்த இலையை வாய்நிறையக் கொடுத்தால் ஹோஸ் விக்கி நின்றுவிடும். ஹோஸின் வாயைக் குவியலுக்குள் புதைக்கக்கூடாது. ஒரு சாண் உயரத்தில் பிடித்து, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காய்ந்தது என்று கலந்து ஊட்ட வேண்டும். முதல் வாரத்தில் ஒரே நாளில் ஆறு தரம் அடைத்தது. இரண்டாவது வாரம் ஒரு தரம்கூட இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஹோஸைப் பிடிக்கிறவர் அண்ணை. கூடப்பிறந்த அண்ணன் இல்லை, என்னிடம் நாலு வருடமாக வேலை செய்தவர். முல்லைத்தீவுப் பக்கத்து மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நான் ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவள். மொழிகளோடு மல்லுக்கட்டிப் பழக்கம். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வீட்டுக்காரர்களிடம் பேசுவது நான், பாரம் இழுப்பது அவர். வெள்ளைக்காரர்கள் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், அவர் தலையாட்டுவார். அவருக்கு ஆங்கிலம் வராது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பேசிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த நவம்பரில் எனக்கு ஒரு குளிர்கால வேலை கட்டாயம் கிடைக்க வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் மார்ச் வரை அண்ணையை வீட்டில் நிறுத்த வேண்டும். அவருடைய அக்காவும் பிள்ளைகளும் ஊரில் போர் முடிந்த மே மாதத்திலிருந்து அகதி முகாமுக்குள் இருந்தார்கள். அவர்களுக்கென்று வெளியில் இருந்தது இவர் ஒருவர்தான். வேலை நின்றால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

லூயிஷாமுக்கு மேலே, மேட்டுப் பக்கமாக, ஒரு பொதுத் தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய முப்பது வீடுகள் இருந்தன. அந்தக் குடியிருப்போர் சங்கம் பரீட்சார்த்தமாக ஒரு நாள் வரச் சொன்னது. வேலை பிடித்தால் மார்ச் வரை எங்களுக்கே. சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர், நிமிர்ந்து நடக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா. அண்ணை லொறியைப் பின் ஒழுங்கைக்குள் றிவேர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டம் முழுவதையும் காட்டினார். கடைசியில் என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: பின் மூலையில் ஓர் இலைக் குவியல் இருக்கிறது, அதற்குள் ஒரு ஹெட்ஜ்ஹொக் குளிர்காலத் தூக்கத்துக்குப் போயிருக்கிறது, மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் அதைத் தொடவே கூடாது.

நான் ஒரு நொடி யோசிக்கவில்லை. “கவலைப்படாதீர்கள்” என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொல்லிவிட்டேன். ஹெட்ஜ்ஹொக் என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கேட்கமாட்டேன், அது என் பிறவிக் குணம். ஹொக் என்றால் பன்றி. முள் உள்ளது, கவனம் என்றும் அந்த அம்மா சொன்னார். முள்ளும் பன்றியும் சேர்ந்தால் முள்ளம்பன்றி. இதற்கெல்லாம் அகராதி வேண்டுமா?

லொறியடிக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன். “அண்ணை, பின் மூலையில ஒரு இலைக் கும்பிக்குள்ள முள்ளம்பன்றி படுத்திருக்காம். அதில மட்டும் ஹோஸை வைக்கக்கூடாதாம்.”

கையுறை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “முள்ளம்பன்றியோ? லண்டனிலயோ?”

“ஓம் அண்ணை. இவையள் எதைத்தான் வளர்க்கேல்லை?”

“அது கிட்டப் போனால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வருமெல்லோ.”

“அதுதான் சொல்லுறன், கிட்டப் போகாதையுங்கோ.”

அவர் தலையாட்டினார். காதுமூடியை மாட்டிக்கொண்டோம். எஞ்சின் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது.

காலை அருமையாகப் போனது. இரண்டு நாளாக மழையில்லை, இலை காய்ந்து கிடந்தது, ஹோஸ் மடக் மடக்கென்று விழுங்கியது. நான் ரேக்கால் வாரி வாரித் தள்ளினேன். பதினொரு மணிக்குள் முன்பக்கம் முழுவதும் பச்சைக் கம்பளமாகத் தெரிந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். வேலை எங்களுக்குத்தான் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

பிறகு அண்ணை ஹோஸை இழுத்துக்கொண்டு பின் மூலைக்குப் போனார். பெட்டி நிறைந்து மேலே மூடியிருந்த சீலை உப்பியிருந்ததால் நான் லொறியின் மறுபக்கம் நின்று அதை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பியபோது அந்த அம்மா வீட்டுச் செருப்போடு புல்லுக்குக் குறுக்கே ஓடி வருவது தெரிந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினார். வாய் திறந்து மூடியது, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவர் பார்த்த திசையில் பார்த்தேன். அண்ணை ஹோஸின் வாயை ஒரு சின்னக் குவியலுக்கு மேல் பிடித்திருந்தார். குவியலில் பாதி போயிருந்தது.

பாய்ந்து போய் சிவப்புப் பொத்தானை அடித்தேன். எஞ்சின் உடனே நிற்காது, முனகி முனகித்தான் அடங்கும். அதற்குள் இன்னும் இரண்டு கை இலை உள்ளே போய்விட்டது. பெட்டிக்குள் போவது எந்த நிலையில் போகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா ஈரமண்ணில் முழந்தாளிட்டு மீதி இலையை விலக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் விழுந்து தேடினேன். அண்ணை காதுமூடியைக் கழற்றிவிட்டு ஒன்றும் புரியாமல் நின்றார்.

“என்ன தங்கச்சி தேடுறீர்?”

“முள்ளம்பன்றி! இதுக்கைதான் கிடந்தது!” என்று கத்தினேன்.

“இதுக்கையோ? இந்தக் கடகப்பெட்டியளவு கும்பிக்கையோ?” அவர் மறுபக்கத்தைக் காட்டினார். “அது அங்கயெல்லோ கிடக்கு.”

அப்போதுதான் பார்த்தேன். மதிலோரம் ஆள் உயரத்துக்கு வெட்டிய கொப்புகளும் இலையுமாக ஒரு பெரிய குவியல். அதைச் சுற்றிப் பத்தடிக்கு ஓர் இலைகூட அவர் எடுக்கவில்லை. முள்ளம்பன்றி எவ்வளவு பெரிய மிருகம் என்று வன்னிக்காட்டில் நேரில் பார்த்தவர் அவர். ஒரு நாயளவு மிருகம் முழங்காலளவு குவியலுக்குள் எப்படிப் படுக்கும்? பெரிய குவியல்தான் என்று சரியாகவே கணித்து, சொன்னபடி விலகி நின்று, சின்னதை எடுத்திருக்கிறார்.

அவரும் எங்களோடு குந்தினார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையை அடியிலையின் கீழ் மெதுவாக நுழைத்தார். சட்டென்று கையை இழுத்து விரலைப் பார்த்தார். ஒரு சொட்டு இரத்தம். பிறகு மேலிலையை ஒவ்வொன்றாக எடுத்தார். தேசிக்காயை விடப் பெரிது, தேங்காயை விடச் சின்னது, முள் பந்தாகச் சுருண்டு கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அது மெதுவாக ஏறி இறங்கியது. உயிரோடு இருந்தது.

“தங்கச்சி, இது முள்ளெலியெல்லோ!” என்றார் அண்ணை. “முள்ளெலி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் தொட்டிருப்பனே?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஜெர்மனியில் என் மகளின் பாலர் பள்ளிச் சுவரில் இதே பிராணியின் படம் இருந்தது. ‘ஈகல்’ என்று அங்கே அதன் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாட்டில் பெயர் தெரிந்து, இன்னொரு நாட்டில் தெரியாமல், கடைசியில் சொந்த மொழியில் தப்பான மிருகத்தைச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மா எழுந்து முழங்காலைத் தட்டினார். அண்ணை பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து மட்டும் சொன்னார்: “உங்கள் வேலை நன்றாக இருக்கிறது. குளிர்காலம் முழுக்க உங்களுக்குத் தரலாம். ஆனால் இந்த மனிதர் வேண்டாம். சொன்னதைக் கேட்காத ஒருவரை இங்கே விட முடியாது.”

அண்ணை குனிந்து இலைகளை அந்தப் பந்தின் மேல் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது நல்ல யோசனை இல்லை. ஓம் என்றால் வேலை கையில். வேறோர் ஆளைப் பிடிக்கலாம், அண்ணைக்குப் பிறகு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். பிழை என்னுடையது என்று இந்த அம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை. இவ்வளவும் ஓடி முடிய எத்தனை நொடி சென்றிருக்கும்? மூன்று, நாலு.

பிறகு எனக்கே என் மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். “அவர் சொன்னதைக் கேட்டவர்தான்” என்றேன். “சொன்னது நான். பிழையாகச் சொன்னது. எனக்கு ஹெட்ஜ்ஹொக் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் தலையாட்டினேன். என் மொழியில் வேறொரு மிருகத்தின் பெயரை அவரிடம் சொன்னேன். அதற்கும் முள் உண்டு, ஆனால் அது இவ்வளவு பெரிது.” இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். “அதற்காக அவர் அந்தப் பெரிய குவியலைத் தொடவில்லை, பாருங்கள். யாரையாவது வேண்டாம் என்பதானால் என்னைச் சொல்லுங்கள்.”

அந்த அம்மா மதிலோரக் குவியலைப் பார்த்தார். அதைச் சுற்றி அண்ணை மரியாதையாக விட்டிருந்த வட்டத்தைப் பார்த்தார். “போர்க்குபைன் என்றா சொன்னீர்கள்?” என்று முள்ளம்பன்றியின் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கேட்டார். வாயோரம் இலேசாகத் துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை, அதிபராக இருந்தவர் அல்லவா.

அண்ணை எங்களைக் கவனிக்காதவர்போல் வேலையில் இருந்தார். காய்ந்த இலையாகத் தேடி எடுத்து வந்து அடியில் அணைத்தார், அதற்கு மேல் ஈரமானதைப் போர்த்தினார், காற்றுக்குப் பறக்காமல் சின்னக் கொப்புகளைக் குறுக்கே வைத்தார். முன்பிருந்ததை விட நல்ல குவியல். அந்த அம்மா அது முடியும் வரை நின்று பார்த்தார்.

“திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாருங்கள்” என்றார்.

“யார் யார்?” என்று கேட்டேன்.

“இரண்டு பேரும்தான்.”

திரும்பி வரும்போது லொறியை நான்தான் ஓட்டினேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் எனக்குக் கால் நிலத்தில் இல்லை. “பாருங்கோ அண்ணை, மார்ச் வரைக்கும் எங்களுக்குத்தான். அந்த அம்மாவுக்கு உங்கட வேலை நல்லாப் பிடிச்சுப் போச்சு” என்று பூசி மெழுகினேன்.

“தங்கச்சி, எனக்கு இங்கிலீஷ் கதைக்கத்தான் ஏலாது” என்றார் அண்ணை. “கேட்டால் விளங்கும். இங்க வந்த நாளிலயிருந்து பெற்றோல் செட்டில நிண்டு பழகினது.”

என் கால் தானாக பிரேக்கில் போனது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“அவ என்னை வேண்டாம் எண்டவ. நீர் உடன மறுமொழி சொல்லேல்லை.”

“ஓம் அண்ணை” என்றேன். “சொல்லேல்லை.”

“பிறகு சொன்னீர். அது நல்லாச் சொன்னீர். வேற ஆக்களெண்டால் சொல்லியிருக்கமாட்டினம்.” அவர் முள் குத்திய விரலைத் தடவிக்கொண்டிருந்தார். “ஆனால் நீர் பேசாமல் நிண்ட அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள, வேலை போனதை அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு நான் யோசிச்சு முடிச்சிட்டன்.”