குலம் அண்ணை நிரப்பாத படிவம்

நேற்று ஸ்காபரோக் கடையொன்றில் மிளகாய்த்தூள் பொதியை மோந்து பார்க்கப் போய் நாலைந்து தும்மல் தும்மினேன். பொதியில் குலம் அண்ணையின் மீசை வைத்த படம். யாழ்ப்பாணத்தில் அவர் இப்போது பெரிய முதலாளி. அவருடைய தூள் கனடாவுக்குள் வரலாம், அவர் வரமுடியாது.

அந்த வாசம் என்னை எப்போதும் பார்க்டேலுக்குத்தான் இழுத்துப் போகும். அங்கே அவருடைய அப்பார்ட்மென்டில் நான் ஒட்டிக்கொண்டிருந்த காலம். அவர் மனைவியை அக்கா என்பேன். அக்கா மிளகாய் வறுத்தால் புகை அலாரம் கத்தும், அண்ணை துவாயால் விசிறுவார். நானும் அண்ணையும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். ஒருநாள் குடியுரிமைப் படிவம் இரண்டு கொண்டுவந்தேன்.

"உது என்னத்துக்கடா? சண்டை முடிய ஊருக்குப் போறதுதானே!"

எங்கள் ஆட்களில் பலருக்கு அன்று அந்த எண்ணம்தான். போகப்போகிறவருக்கு எதற்கு என்று அண்ணை கட்டில்கூட வாங்கவில்லை. நான் என்னுடையதை மட்டும் நிரப்பி அனுப்பினேன். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை.

பிறகு ஒரு பிளாசா வாசலில் அடிதடி. எதற்கென்று இன்று எங்கள் இருவருக்குமே ஞாபகமில்லை. அண்ணையிடம் அடி வாங்கியவனுக்குத் தாடை உடைந்தது. நானும்தான் அடித்தேன், நோஞ்சான் அடி. நான் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அடிதடிக்கு முன்பே நான் கனடாக்காரன் ஆகியிருந்தேன். அண்ணையைத் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தினார்கள். ஊரில் அப்போது சண்டை ஓய்ந்திருந்தது. அவருடைய மகள் துர்க்காவுக்கு அப்போது ஏழு வயது. அப்பா ஒஷாவா நகரத்தில் வேலை செய்கிறார் என்று சொல்லி வைத்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஒற்றை அரைக்கும் மெஷினோடு தொடங்கிய அண்ணை மாடிவீடு கட்டினார். "வாவனப்பா" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் அக்காவை அழைப்பார்.

"பிள்ளை யூனிவேர்சிட்டி முடிக்கட்டும், வாறன்."

பிள்ளை முடித்தாள். அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. அண்ணை இரண்டுமுறை விசா கேட்டார், இரண்டுமுறையும் மறுத்துவிட்டார்கள்.

போன மார்ச்சில் அக்காவின் சவப்பெட்டிக்கு மேலே, அண்ணை பார்க்கட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. நான் நிற்கும் இடம் அவருடையது.

"கொஞ்சம் கிட்டப் பிடியடா, முகம் தெரியேல்லை."

பிடித்தேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"அண்ணை, திரும்ப ஒருக்கா விசாவுக்குப் போட்டுப் பாப்பமோ?"

"வேண்டாமடா. இனி நான் அங்கை ஆரைப் பாக்க வாறது?"

துர்க்கா என் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.