விரல் சொன்ன சர்க்கரை

அப்பாவின் கையில் அந்தச் சென்சாரை நான்தான் பிடிவாதமாக ஒட்டவைத்தேன். பெரிய பொட்டு அளவுதான் இருக்கும். தோலுக்கடியில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து அவர் ஃபோனுக்கு அனுப்பும். அங்கிருந்து என் ஃபோனுக்கும் வரும். இன்சுலின் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் பனித்திட்டிலிருந்து கடலுக்கு மீன்பிடிக்கப் போகிற மனிதர். நடுக்கடலில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்து, நேரமாகி மூளைவரை பாதித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் என்னை விடவேயில்லை.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணமும் இருந்தது. அந்தக் கையை அழுத்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால், இல்லாத குறைவை இருப்பதாகச் சொல்லி அலறும். அம்மா பதறியடித்து அவர் வாயில் சர்க்கரையைக் கொட்டுவாள். அப்புறம் விரலில் குத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். போதாதா? அன்றிலிருந்து அப்பாவுக்கு விரல் ரத்தம்தான் வேதவாக்கு.

புது எஞ்சின் மாட்டியதும் படகுக்குப் பூஜை போட்டோம். அவலும் வெல்லமும் வாழைப்பழமும் அப்பாவே பிசைந்து படைத்து, வந்தவர்களுக்கெல்லாம் உருட்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் படையல் தொட்ட கையைக் கழுவ மாட்டோம். தலையில் தடவிக்கொள்வதோடு சரி. அதே கையோடு வீட்டுக்கு வந்து விரலில் குத்திக்கொண்டார். என் ஃபோனில் எண்பத்து நான்கு, சர்க்கரை இறங்குகிறது என்று அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தது. மீட்டரில் முந்நூற்று இருபத்தாறு.

"பாத்தியா? உன் பொட்டுதான் பொய் சொல்லுது."

"இவ்ளோ வித்தியாசம் வராதுப்பா. கைய கழுவிட்டு இன்னொரு தபா குத்து."

"சாமிக்குப் படைச்ச கைய கழுவச் சொல்றியா? இன்னாடி புத்தி உனக்கு?"

வழக்கத்தைவிட அதிகமாகவே இன்சுலின் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் ஊசியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. நல்ல நேரம் போகிறதென்று ஒரே ஒரு இட்லியோடு எழுந்து, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போட்டுவிட்டுப் போனதை எடுத்து வைக்கப் போனேன். மீட்டர் மேல் எறும்பு. ரத்தம் வைத்த பட்டையில் எறும்பு. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று வெல்லம். மீட்டர் அப்பாவின் ரத்தத்தைப் பார்க்கவில்லை, விரலில் இருந்த படையலைத்தான் பார்த்திருக்கிறது.

கரைக்கு ஓடினேன். படகு போய்விட்டிருந்தது. கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? திரையில் எழுபத்தொன்று. கொஞ்ச நேரத்தில் அறுபது. அப்புறம் ஐம்பத்திரண்டு. அதற்கப்புறம் எண்ணே இல்லை. படகு சிக்னலைத் தாண்டிவிட்டது.

கரையில் இருந்தவர்களிடம் அழுது கெஞ்சி இன்னொரு படகில் அவர்களைத் தேடிப் போகச் சொன்னேன். கடல் என்ன தெருவா, தேடினதும் கிடைக்க? வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அம்மா மணலில் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது என் ஃபோன் அலறியது. எண் இல்லை. சென்சாரால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. படகு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. சிக்னல் திரும்பக் கிடைத்ததால் அது வந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதை அந்த ஃபோன் சொல்லவில்லை.

படகு கரை தட்டியதும் சித்தப்பா குதித்து ஓடிவந்தார். "பூஜை வேலைல அலுத்துப்போயி அண்ணன் அசந்து தூங்குதுன்னு நெனச்சேன்மா. தூங்கட்டும்னு எழுப்பாம உட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள்தான் கண் திறந்தார். நர்ஸ் அவர் விரலைப் பஞ்சால் துடைத்துக் குத்திப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. ஃபோனில் நூற்றெட்டு. இரண்டும் ஒத்துப்போகிறது, இனிப் பயமில்லை என்றார். அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்பா அந்தக் கையை மெல்ல விலக்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.