நான்கு நிமிட மேற்பார்வை

சந்திரமதியின் அப்பா கூலாய் என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டியவர். அவள் மாலை வகுப்பில் படித்துத் தேறி, தெப்ரா நகரில் ஓர் எஃகு ஆலையின் செயலாளர் அலுவலகத்தில் சேர்ந்தாள். பத்தொன்பது ஆண்டுகளாக இயக்குநர் கூட்டங்களுக்கு அவள்தான் குறிப்பெழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சென்ற ஆண்டு இயக்குநர்களின் பருவநிலைக் குழு கூடியது. ஆலைகள் வெளியிடும் புகைக்கு விதிக்கவிருந்த கரிம வரியை ஆதரிப்பதாக ஆலை ஊரறிய அறிவித்திருந்தது. தான் உறுப்பினராக இருக்கும் உற்பத்தியாளர் சங்கமும் அரசாங்கத்திடம் அதையேதான் பேசுகிறதா என்று பார்ப்பது குழுவின் வேலை. சங்கமோ வரியைப் பத்தாண்டு தள்ளிப்போடச் சொல்லி அமைச்சுக்குக் கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதம் உருவானதே இந்த ஆலையில்தான். குழுத்தலைவர், 'டத்தோ' பட்டம் பெற்ற சாத்தப்பன், திருத்திக் கொடுத்த பிரதியைச் சங்கத்துக்கு அனுப்பியவளே சந்திரமதி.

கூட்டத்தில் கடிதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"சங்கம் நம்ம கொள்கையோட ஒத்துப்போகுது. அடுத்தது?" என்றார் டத்தோ.

நான்கே நிமிடம். மற்றவர்கள் தட்டிலிருந்த கறிபாப் பலகாரத்தை மென்றபடி தலையாட்டினார்கள். அவள் 'கடிதம் பார்வைக்கு வைக்கப்படவில்லை. நான்கு நிமிடம் பேசப்பட்டது' என்று எழுதிவைத்தாள்.

மறுநாள் டத்தோ அழைத்தார்.

"விரிவா ஆராய்ஞ்சோம்னு மாத்திடுங்க, சந்திரா. முதலீட்டாளருங்க கேக்கறாங்க. ஒரு வரிதானே லா."

"கடிதத்த அனுப்புனதே நான்தான், டத்தோ. எப்படி எழுதறது?"

"எல்லா கம்பெனியிலும் இப்படித்தான்மா," என்று அவர் கனிவாகச் சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தச் சிரிப்பு அவளுக்கு உடம்பில் புழு ஊர்வது போலிருந்தது.

மாற்றிய குறிப்பில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். வேறொருவர் போட்டார். அவளைக் கூலாயிலுள்ள உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆண்டறிக்கை 'முழுமையான மேற்பார்வை' என்று பெருமைப்பட்டுக்கொண்டது; பக்கத்திலேயே டத்தோ மரக்கன்று நடும் படம்.

அவளிடம் ஆலையின் பங்குகள் கொஞ்சம் இருந்தன. பங்குதாரர் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்றாள்.

"வரிய தள்ளிப்போடச் சொன்ன கடிதத்த எழுதுனது நம்ம ஆலையா, இல்லையா?"

"அது சங்கத்தோட கருத்து," என்றார் டத்தோ. கூட்டம் கலைந்து சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வரிசை கட்டியது. ஒரு பெரியவர் அவளிடம், "எதுக்கும்மா வீண் வம்பு?" என்றார்.

அவள் பொட்டலம் வாங்காமல் வெளியே வந்தாள். அந்த வாரமே வேலையை விட்டாள். கடிதத்தின் பிரதியை இணைத்து, தன் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு, பங்குச்சந்தைக் கண்காணிப்பாளருக்குப் புகார் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதாக ஒரு வரிப் பதில் வந்தது. அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் வரவில்லை.