சாப்பிடாத மதியம்

ராணுவக் கிடங்கின் கிரீஸ் வாசனை இன்றும் எனக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் அங்கே கிளார்க் வேலை கிடைத்தது. அதே நாளில் எங்கள் ஊர்ப் பக்கத்து வெள்ளிமலைக்காரர் ஒருவர் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இருவருமே சீருடை இல்லாத சிவிலியன்கள்தான். ஆனாலும் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு நான் மிலிட்டரிக்காரன்.

ஒரு வருஷம் கிளார்க்குகளுக்கு மட்டும் சம்பளம் ஏறியது. பெட்டி தூக்குகிறவர்களுக்கு ஏறவில்லை. அதைக் கண்டித்துத் தொழிலாளர் சங்கம் ஒருநாள் மதியச் சாப்பாட்டைப் புறக்கணிக்கச் சொன்னது. நானும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வெள்ளிமலைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குத்தான் ஏறிடுச்சே, இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற? இன்னும் பர்மனன்ட்கூட ஆவல. போய்த் துன்னு."

"நீங்க தூக்கற பெட்டியத்தானே நான் ரிஜிஸ்டர்ல எழுதறேன்? உங்களுக்கு மட்டும் கம்மியா?"

"மிலிட்டரிக்காரரு கோவத்தப் பாருங்கடா!" என்று சிரித்தார்.

அதிகாரி வந்து எங்கள் பெயர்களைக் குறித்துக்கொண்டு போனார். நான் நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் பெட்டி தூக்குகிறவர்களுக்கும் சம்பள உயர்வு வந்துவிட்டது. ஊருக்குப் போகும் பஸ்ஸில் அந்த ஆர்டரை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தபா படிப்பா," என்றார்.

முன்சீட்டுக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன்.