கதவைச் சாத்திக்கலாமா?

அந்த அலுவலகத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. கணக்குப் பிரிவு அதிகாரி 'கால் பைசா'. அனுப்புகைப் பிரிவு மேற்பார்வையாளர் 'மீசை'; அவர் மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகியும் பெயர் மட்டும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு 'கதவு' என்று பெயர். அவள் காதுக்கு எட்டாமல்தான் சொன்னார்கள், ஆனாலும் எட்டியது. எச்.ஆர் காதுக்கு எட்டாத விஷயம் ஒரு நிறுவனத்தில் கிடையாது. எட்டாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் அந்த வேலையில் பாதி.

பெயர்க் காரணம் பெரிய ரகசியமில்லை. அவள் அறைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மேடம், கதவைச் சாத்திக்கலாமா?" சாத்திவிட்டு உட்கார்ந்து கொட்டித் தீர்ப்பார்கள். மேலதிகாரி கத்தினது, பக்கத்து மேசைக்காரன் சீண்டினது, வீட்டில் கணவன் அடித்தது, வேலையை விட்டுவிடலாமா என்று தூக்கம் வராமல் கிடந்தது, எல்லாம் வரும். அவள் தண்ணீர் கொடுப்பாள். கேட்பாள். செய்ய வேண்டியதைச் செய்வாள். மறுநாள் அதே ஆள் நடைபாதையில் எதிரே வந்தால், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நழுவிவிடுவார். அழுத முகத்தைப் பார்த்தவளை மறுபடி பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? அது அவளுக்குப் புரியும். புரிந்தால் வலிக்காது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள், நன்றாகவே வலித்தது.

வீட்டிலாவது ஆள் உண்டா என்றால், மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி, சுழலும்போது நகர்ந்து நகர்ந்து கதவுவரை வந்துவிடும் ஒரு துணி துவைக்கும் இயந்திரம். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. மகன் வேறு ஊரில் படிக்கிறான். "சாப்பிட்டியாம்மா, சரி, கிளாஸ் இருக்கு" என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி கூப்பிடுவான். "அக்கா, என் மச்சானுக்கு ஒரு வேலை..." என்றுதான் ஆரம்பிப்பான். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் அவள் போய் உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று வெயில், மழை என்று மாறும். "அவகிட்ட வாயக் குடுக்காதீங்க, இன்டர்வியூ மாதிரி கேள்வி கேப்பா" என்று தம்பி மனைவி சமையலறையில் சொன்னதும் அவள் காதுக்கு எட்டியதுதான்.

ஆக, உலகத்தில் அவளுக்கென்று இருந்தது மத்தியானத்தில் ஒரு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் அனுப்புகைப் பிரிவு அக்காவோடு.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. பார்சல் கட்டுவதும் முகவரிச் சீட்டு ஒட்டுவதும் லாரிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பதும் வேலை. எப்போதும் மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு டேப் உருளை தொங்கும். கணவன் விட்டுப் போனபின் ஒற்றை ஆளாக மகளை வளர்த்து, கட்டிக்கொடுத்தவள். கேன்டீனில் ஜன்னலோர மேசையில் ஒருநாள் இடமில்லாமல் இவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் முன்னால் 'மேடம்', 'நீங்க'. சாப்பாட்டு மேசையில் மட்டும் 'ம்மா', 'நீ'. "நீ என்ன கோழி கொத்துற மாதிரி சாப்பிடுற? எடுத்துக்கம்மா" என்று தன் டப்பாவை நகர்த்துவாள். இத்தனை வருஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இவள் அறையில் ஒருமுறைகூட உட்காராத ஒரே ஆள் அக்காதான். அதனால்தான் இந்த நட்பு பிழைத்துக்கிடக்கிறது என்று இவளுக்கு ஒரு கணக்கு. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கமே அக்கா இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் சான்றிதழ் வந்து குறுக்கே நின்றது.

மனிதவள வேலைக்கு இவள் வைத்திருந்த தொழில்முறைச் சான்றிதழை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு இத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று விதி. சம்பளச் சட்டம், ஆள் தேர்வு, பாதுகாப்பு என்று மற்றதெல்லாம் முன்னாலேயே முடித்துவிட்டாள். பாக்கி நின்றது நெறிமுறைப் பயிற்சி ஒன்றுதான். அதைக் கடைசிக்குத் தள்ளுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பக்கத்தில் சம்பளப் பட்டியலைப் பார்ப்பார்கள், நடுவில் 'இருக்கிறீர்களா?' என்று திரை கேட்டால் ஒரு தட்டு தட்டி 'இருக்கிறேன்' என்பார்கள். நெறிமுறையைக் கற்கிற லட்சணம் அப்படி. போனமுறை இவளும் அப்படித்தான் தேறினாள்.

இந்த முறை விதியை மாற்றிவிட்டார்கள். நேரலை வகுப்பு, கேமரா முகத்தில் இருக்க வேண்டும், ஜோடி ஜோடியாக ஒத்திகை வேறு. தவறினால் சான்றிதழ் காலாவதி. பரீட்சையை முதலிலிருந்து எழுத வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் சந்தேகம்தான்.

ஒருநாள் காலை வகுப்பு நடந்தது. திரையில் வந்த பயிற்சியாளருக்கு இஸ்திரி போட்ட குரல்.

"யாராவது 'உங்ககிட்ட மட்டும் சொல்றேன்'னு ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்துங்க. கேன்டீனா இருக்கலாம், லிஃப்டா இருக்கலாம், நீங்க எப்பவுமே எச்.ஆர்தான். ஒரு துன்புறுத்தல் புகார் உங்க காதுல விழுந்துட்டா, விழலைன்னு சொல்ல முடியாது. அதனால முதல்ல எச்சரிக்கை. அப்புறம்தான் காது."

ஒத்திகையில் இவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் வேறொரு நிறுவனத்து ஆள். வகுப்பு முழுக்க எதையோ மென்றுகொண்டே இருந்தார். அவர் ஊழியராக நடித்து, "மேடம், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு..." என்றார். இவள் வழக்கப்படி, "சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்றுவிட்டாள்.

"தப்பு" என்றார் பயிற்சியாளர். "நீங்க ரொம்ப அன்பா கேக்குறீங்க. அது ஆபத்து."

இவளுக்குச் சுருக்கென்றது. பல வருஷமாக அவள் அறையில் நடந்ததெல்லாம் அந்த ஒரு 'சொல்லுங்க'வை நம்பித்தான் நடந்தது. ஆனாலும் நாற்காலி சம்பந்தப்பட்ட காரியம், மறுபடி செய்தாள். மறுபடியும் குரல் குழைந்தது. மென்றுகொண்டிருந்தவருக்கே பாவமாகப் போய்விட்டது. கடைசியில் பயிற்சியாளர் கொடுத்த எச்சரிக்கை வாக்கியத்தை மனப்பாடம் பண்ணி, எங்கேயும் தடுக்காமல் ஒப்பித்தாள். பயிற்சியாளர் கைதட்டினார். தேர்ச்சி.

வாக்கியத்தின் சூடு நாக்கில் ஆறுவதற்குள் கேன்டீனுக்குப் போனாள். அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மணிக்கட்டில் டேப் உருளை இல்லை. டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள். நாலு பக்கமும் பார்த்துவிட்டு முன்னால் குனிந்தாள்.

"ஏம்மா, உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்."

இவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஒரு நிமிஷம்க்கா. நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடணும். நான் மனிதவளப் பொறுப்புல இருக்கறதால, நீங்க சொல்ற விஷயம் நிறுவனத்தைப் பாதிக்கிற மாதிரி இருந்தா, அதை என்னால ரகசியமா வெச்சுக்க முடியாம போகலாம். இதைப் புரிஞ்சுக்கிட்டு, விருப்பம் இருந்தா தொடரலாம்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. பயிற்சியாளர் பார்த்திருந்தால் மறுபடி கைதட்டியிருப்பார்.

அக்கா அவளையே பார்த்தாள். திட்டினால்கூட அந்த முகம் அப்படி ஆகியிருக்காது. மெதுவாக டப்பாவின் மூடியை எடுத்து மூடினாள்.

"ஒண்ணுமில்லம்மா. வீட்டு மாடியில தண்ணி ஒழுகுது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

மறுநாள் அக்கா கேன்டீனுக்கு வரவில்லை. லாரி வந்துவிட்டதாம். அதற்கு மறுநாளும் லாரி. அந்த வாரம் முழுக்க லாரிகள் சாப்பாட்டு நேரம் பார்த்தே வந்தன.

இங்கேதான் அவள் இன்னொரு மடத்தனம் பண்ணினாள். வேறு தொழில்காரி என்றால் நேரே போய், "என்னக்கா கோபமா?" என்று கேட்டிருப்பாள். இவள் எச்.ஆர். அன்றைக்கு அக்கா நாலு பக்கமும் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள், சாப்பிடவில்லை. எல்லாம் சேர்த்துப் பார்த்துப் பிரிவில் யாரோ தொல்லை கொடுக்கிறார்கள் என்று முடிவுகட்டினாள். மீசையைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "உங்க பிரிவுல எல்லாம் சுமுகமா போகுதா?" என்று சுற்றிவளைத்துக் கேட்டாள். அவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே போனார். சாயங்காலத்துக்குள், அனுப்புகைப் பிரிவில் எச்.ஆர் துப்புத் துலக்குகிறது என்று கட்டடமே பேசிக்கொண்டது.

அந்த நாட்களில் அவள் ஜன்னலோர மேசையில் தனியாகச் சாப்பிட்டாள். எதிர் நாற்காலியைக் கேட்டு வாங்கி அடுத்த மேசைக்கு இழுத்துப் போனார்கள். "யாராவது வராங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. டப்பாவைத் திறந்தால் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குப் போய் மகனைக் கூப்பிட்டாள். அவனுக்குக் கிளாஸ் இருந்தது.

புதுப்பித்த சான்றிதழ் கணினியில் வந்து விழுந்த அன்று, யாரோ அறைக் கதவைத் தட்டினார்கள். நிமிர்ந்தால் அக்கா. மணிக்கட்டில் டேப் உருளை.

"மேடம், கதவைச் சாத்திக்கலாமா?"

வேண்டாம் அக்கா, சாத்தாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. எல்லோரும் உட்காரும் அந்த நாற்காலியில், எல்லோரும் உட்காரும் மாதிரியே விளிம்பில் உட்கார்ந்தாள் அக்கா.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு மேடம். காப்பீட்டுல வாரிசு பேரை மாத்தணும். அதுக்கு என்ன பண்ணணும்னு கேக்க வந்தேன்."

இவள் பேனாவைக் கீழே வைத்தாள். "யாரு?" என்றாள்.

"நம்ம லிஃப்ட் மெக்கானிக்கு."

மனைவியை இழந்தவர், அமைதியான மனுஷன். போன வருஷம் முழுக்க அந்த லிஃப்ட் ஏன் வாரம் தவறாமல் அனுப்புகைப் பிரிவு மாடியிலேயே நின்றது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கால் பைசாகூடப் பரிசுக்குப் பணம் போட்டிருக்கிறார்.

"அன்னிக்கு கேன்டீன்ல..."

"ஆமா. அதைத்தான் சொல்ல வந்தேன். பேரன் எடுக்கற வயசுல இதெல்லாம் தேவையான்னு ஒரே கூச்சம். முதல்ல உன்கிட்ட..." அக்கா நிறுத்திக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லிட்டு, பதிவு ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்து நீங்க போடணும்னு கேக்கலாம்னு இருந்தேன். மகளை இதுக்குக் கூப்பிட முடியுமா, எனக்குன்னு கூட்டிட்டுப் போக வேற யாரு இருக்கா? அப்புறம் செக்யூரிட்டி அண்ணன் வந்து போட்டாரு."

"அக்கா, நான் வேற என்னமோ நினைச்சுட்டேன்."

"தெரியும். மீசையைக் கூப்பிட்டு விசாரிச்சீங்களாமே. பாவம், அவரு ரெண்டு நாள் சோறே திங்கல."

சிரிக்கிற மாதிரி சொன்னாலும் அவள் சிரிக்கவில்லை. பெயர் மாற்றுவது எப்படி என்று இவள் சொன்னாள். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுந்து, "வரேன் மேடம்" என்று சொல்லி, போகும்போது பழக்கமாகக் கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

நடைபாதையில் எதிரே வந்தால் இனி அக்காவும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து போனாள். வேலையில்லாமல் அனுப்புகைப் பிரிவுக்கு அவள் போனதே இல்லை. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. மீசை எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் பார்க்க, பார்சல்களுக்கு நடுவே போய் அக்கா எதிரில் நின்றாள். ஊர்ப்பட்ட ரகசியம் கேட்டவளுக்குத் தன் விஷயம் ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. அங்கே சாத்திக்கொள்ளக் கதவும் இல்லை.

"அக்கா, எனக்குத் தனியா சாப்பிட முடியல" என்றாள். "ரொம்பக் கஷ்டமா இருக்கு."

யாரோ இருமினார்கள். அக்கா ஒட்டிக்கொண்டிருந்த டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். பெட்டியைத் திருப்பி வைத்தாள்.

"இப்பல்லாம் அவரு மத்தியானம் வந்துடுறாரும்மா. வெளியில போய்த்தான் சாப்பிடுறோம்." கொஞ்சம் யோசித்தாள். "புதன்கிழமை அவருக்கு வேற கட்டடத்துல வேலை. புதன்கிழமை வா."

அறைக்குத் திரும்பி வந்தாள். அவளுடைய நேர அட்டவணை எல்லோரும் பார்க்கும்படி கணினியில் திறந்திருக்கும். கதவு சாத்திய சந்திப்புகள் எல்லாவற்றிலும் 'ரகசியம்' என்று மட்டும் இருக்கும். புதன்கிழமை மத்தியானத்தில் முதலில் அப்படித்தான் தட்டினாள். அழித்தாள். 'அக்காவோடு சாப்பாடு' என்று எழுதினாள். மற்ற நாட்களின் மத்தியானங்கள் அப்படியே காலியாக இருந்தன. அவள் அவற்றையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.