தொட்டியில் மிதந்து வந்ததா?

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மெழுகக்கா என்று பேர். மெழுகுக் கட்டிக்குள் பதித்த சதைத் துணுக்கைத் தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்துவதுதான் வேலை. பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் வெங்காயத்தை மட்டும் விரல் தடிமனுக்கு நறுக்குவாள். கேட்டால், "அங்க சீவினது போதும்" என்பாள்.

அன்றைக்கு டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே கூப்பிட்டார்.

"அக்கா, இங்க வாங்க. இருபத்தொன்பது வயசுப் பொண்ணோட கர்ப்பப்பை வாய்த் துணுக்கு. மூலையில ஒரு கூட்டம் தெரியுதா? வழக்கமா வர்ற புற்று இல்ல. அபூர்வ வகை, அதுவும் ஆரம்ப நிலை. நானே புத்தகத்துலதான் பாத்திருக்கேன்."

மெழுகக்கா பார்த்தாள். கடுகு சிந்தின மாதிரி கருநீலப் புள்ளிகள்.

"சந்தேகம் என்னன்னா, இது அந்தப் பொண்ணோடதா, இல்ல முன்னாடி சீவின யாரோடதோ உங்க தொட்டியில மிதந்து ஒட்டிக்கிச்சா?"

மெழுகக்கா நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தாள். ஒவ்வொரு மெழுகுக் கட்டிக்கும் நடுவில் தண்ணீர்மேல் காகிதம் போட்டு, மிதக்கும் மிச்சத் துணுக்குகளை ஒற்றியெடுக்க வேண்டும். எடுத்தாளா? எடுத்த மாதிரியும் இருந்தது. அது நேற்றைய ஞாபகம் மாதிரியும் இருந்தது.

"கட்டியில சதை மிச்சம் இருக்கா?"

"ஒரே ஒரு சீவல் தேறும் டாக்டரம்மா."

"சீவுங்க. அதுலயும் இருந்தா அவளோடதுதான்."

தண்ணீரை மாற்றினாள், புது பிளேடு போட்டாள். 'கடவுளே, என் தப்பா இருக்கக் கூடாது' என்று சீவும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றியவள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தப்பு தன்னுடையது இல்லையென்றால் நோய் அந்தப் பெண்ணுடையது. 'சரி, என் தப்பாவே இருக்கட்டும்' என்று வேண்டுதலை மாற்றினாள். அப்படியானால் இது வேறு யாருடைய நோய்? சாமிக்கே தலை சுற்றியிருக்கும்.

சாயம் ஏற்றி வந்த தகட்டை டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு. அவளோடதுதான். மூணு மில்லிமீட்டர் கூட இல்ல."

"பொழைச்சுக்குவாளா?"

"முரட்டு வகைதான். ஆனா இவ்வளவு சின்னதா சிக்கினா வாய்ப்பு ஜாஸ்தி. உறுதியா சொல்லத் தெரியல அக்கா."

வெளியே வந்தவளைச் சாயம் போடும் பெரியவர் மடக்கினார்.

"தப்பு உன்மேல இல்லையாமே! அப்புறம் ஏம்மா மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

"தெரியலண்ணே. சந்தோஷப்படணுமா வேணாமான்னே புரியல."

"எனக்கும்தான்" என்றார் அவர்.

அடுத்த கட்டியை எடுத்தாள். அதில் எழுதியிருந்த நோயாளி எண்ணை மூன்று தடவை படித்துப் பார்த்தாள்.